ரொறன்ரோவில் இளவேனில் விதைப்பு: நம்மவர் தோட்டங்களிலிருந்து வரும் கேள்விகள்

ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் எறித்தால் போதும், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து வீடுகளில் மண்வெட்டி கராஜை விட்டு வெளியே வந்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். வருடா வருடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தேதிகள் எல்லாம் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்துச் சொன்னவை. ஒட்டாவாக்காரர் ஒரு வாரமாவது பின்தள்ளிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் நல்ல வெயில் எறிக்கிறதே, வெண்டியையும் பாகலையும் இப்போதே மண்ணில் ஊன்றினால் என்ன?

அழுகிப்போகும். பகலில் 18 பாகை காட்டினாலும் இரவில் 2, 3 பாகைக்கு இறங்கும் மாதம் அது. விதைக்குத் தெரிவது காற்றின் சூடு இல்லை, மண்ணின் சூடு. பனிக்காலம் முழுக்க உறைந்து கிடந்த மண் சூடேற வாரக்கணக்கு ஆகும். குளிர்ந்த ஈரமண்ணில் கிடக்கும் வெண்டி விதை முளைக்காமல் ஊறிக்கொண்டே இருக்கும், பூஞ்சணம் பிடிக்கும், கடைசியில் தோண்டிப் பார்த்தால் தோல்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். குசினியில் இறைச்சி வேகிறதா என்று பார்க்கும் வெப்பமானி இருந்தால் அதைக் காலையில் மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்து பாருங்கள். 5 முதல் 7 பாகை இருந்தால் பட்டாணி, முள்ளங்கி, ஸ்பினாச் போடலாம். போஞ்சிக்கு 15, 16 வேண்டும். வெண்டி, பயற்றங்காய், தண்டுக்கீரை, கொடிவகைகளுக்கு 18 முதல் 20. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கடைசிக் கணக்கு மே இறுதியிலோ ஜூன் முதல் வாரத்திலோதான் கைகூடும். மரப்பலகை கட்டி உயர்த்திய பாத்தி என்றால் சில நாள் முந்தும்.

விக்டோரியா நாளுக்குப் பிறகுதான் நட வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பெரும்பாலும் சரி. விக்டோரியா நாள் என்பது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, அதாவது 18க்கும் 24க்கும் இடையில் வரும். ரொறன்ரோ நகருக்குள் கடைசி உறைபனி சராசரியாக மே தொடக்கத்தை ஒட்டி முடிந்துவிடும். ஆனால் சராசரி என்றால் சில வருடங்கள் அதைத் தாண்டியும் வரும் என்றுதானே பொருள். ஏரியோரத்தைவிட மார்க்கம், ஸ்டூவில், நியூமார்க்கற் பக்கம் குளிர் விடுவதும் பிந்தும்.

என் கணிப்பில் விக்டோரியா நாள் தக்காளிக்குத்தான் பொருந்தும். நம்முடைய காய்களுக்கு அதுவும் கொஞ்சம் அவசரம். உறைபனி தப்பினாலும் இரவு 10 பாகைக்குக் கீழே போனால் கத்தரியும் பாகலும் சாகாது, வளரவும் வளராது. இலை மஞ்சளாகி, ‘நட்டது நட்டபடியே’ நிற்கும். ஜூன் 1இல் நட்ட கன்று மே 15இல் நட்டதை ஒரே மாதத்தில் முந்திப் போவதைப் பல வளவுகளில் பார்க்கலாம். ஆகவே காலண்டரைவிட வானிலை அறிக்கையில் அடுத்த பத்து நாளின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். வானம் தெளிந்து, காற்றும் அடங்கிக் கிடக்கும் இரவுதான் உறைபனிக்கு ஏற்ற இரவு. நட்டபின் அப்படியொரு இரவு வந்துவிட்டால் பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள்.

அப்படியென்றால் ஏப்ரல், மே மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதுதானா?

இல்லவே இல்லை. நம்மவர்கள் இழக்கும் காலமே இதுதான். ரொறன்ரோத் தோட்டத்தை இரண்டு ஊராக நினைத்துக்கொள்ளுங்கள்: மே நடுப்பகுதிவரை அது நுவரெலியா, ஜூனிலிருந்து யாழ்ப்பாணம். நுவரெலியாவில் விளையும் மலைநாட்டு மரக்கறி எல்லாம் இந்த முதல் ஆறேழு வாரக் குளிரை விரும்பும். அவற்றுக்கு லேசான உறைபனி ஒரு பொருட்டே இல்லை.

மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், சாதாரணமாக ஏப்ரல் நடுப்பகுதியில், பட்டாணியும் ஸ்பினாச்சும் முள்ளங்கியும் போடலாம். சிவப்புச் சின்ன முள்ளங்கி 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு விதைக்கக் கொடுக்க அதைவிட நல்ல பயிர் இல்லை. நம்முடைய நீள வெள்ளை முள்ளங்கியை வசந்தத்தில் போட்டால் நாள் நீள நீளப் பூத்துவிடும், கிழங்கு சக்கையாகும். அதை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் கரட், பீட்ரூட், லெற்றியூஸ், வெங்காயக் குட்டிகள், உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்குக்குக் கடையில் கறிக்கு வாங்கியதை வெட்டி நடாதீர்கள். முளைக்காமல் இருக்க மருந்து போட்டது அதில் நிறைய, நோயும் கொண்டுவரலாம். விதைக்கிழங்கு என்றே தோட்டக்கடைகளில் விற்கிறார்கள். முட்டைக்கோவாவும் லீக்ஸும் விதையாக அல்ல, நாற்றாக நட வேண்டியவை.

வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் மறக்கக் கூடாது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே முளைக்கும். மல்லியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். வெயில் ஏறியதும் மல்லி பூத்துவிடும் என்பதால் ஒரேயடியாகப் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி போட்டால் ஜூன் முழுக்க ரசத்துக்கு இலை இருக்கும்.

இன்னொரு வசதி: ஸ்பினாச்சும் முள்ளங்கியும் ஜூன் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். அதே பாத்தியில் வெண்டியும் கீரையும் ஏறலாம். ஒரே இடத்தில் இரண்டு விளைச்சல்.

வீட்டுக்குள் எதை, எப்போது முளைக்க வைக்க வேண்டும்?

மிளகாயும் கத்தரியும் முதலில். மார்ச் முதல் பாதி. இரண்டும் மெதுவாக வளர்பவை. மிளகாய் முளைக்கவே இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். 25 பாகைக்கு மேல் சூடு கேட்கும் விதை அது. பேஸ்மென்ட் குளிரில் வைத்துவிட்டு ‘விதை சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு மேல், சூட்டுக் குழாய்க்குப் பக்கம், இல்லையென்றால் நாற்றுக்கென்றே விற்கும் சூட்டு விரிப்பு.

தக்காளிக்கு ஏப்ரல் முதல் வாரம் போதும். பிப்ரவரியிலேயே போட்டவர்கள் மே மாதத்தில் இடுப்புயரக் கொடியோடு யன்னலோரம் மல்லுக்கட்டுவார்கள்.

கொடிகளுக்கு நினைவில் நிற்கும் நாள் ஒன்று இருக்கிறது: சித்திரை வருடப்பிறப்பு. ஏப்ரல் 14க்குப் புடலை, பாகல், பீர்க்கு, சுரை விதைகளைச் சிறு சாடிகளில் ஊன்றினால், வெளியே நடும் நேரத்துக்கு ஆறேழு வாரக் கன்றாக இருக்கும். புடலைக்கும் பாகலுக்கும் அது சரி, அவை முளைக்கவே பத்து நாளுக்கு மேல் இழுக்கலாம். சுரைக்கும் பூசணிக்கும் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம், சாடிக்குள் அவ்வளவு வேகமாக ஓடும். பாகல், புடலை விதையின் தோல் தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி, இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். வேர் எட்டிப் பார்த்ததும் சாடிக்கு மாற்றலாம். கொடிகளின் வேரைக் குலைத்தால் கோபித்துக்கொள்ளும். அதனால் சாடியோடு நடக்கூடிய, மண்ணில் மக்கிப்போகும் சாடிகள் நல்லது.

நாற்று நூலாக நீண்டு சரிந்து விழுகிறது. ஏன்?

வெளிச்சம் போதாது. மார்ச் மாத யன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசம், மிளகாய்க்கு இருட்டு. சாதாரண எல்இடி குழல் விளக்கே போதும். நாற்றின் தலைக்கு மேல் ஒரு கைமுட்டி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். தண்டு அடியில் கறுத்து ஒடிந்து விழுந்தால் அது வேறு: தண்ணீர் கூடி, காற்றோட்டம் குறைந்து வரும் பூஞ்சண நோய். மேலே ஊற்றாமல் தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், ஒரு சின்ன விசிறியும் ஓடட்டும்.

கடையில் வாங்கிய கன்றை உடனே நட்டுவிடலாமா?

கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்தது என்றால் வேண்டாம். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி, பிறகு காலை வெயில் என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். இரவில் உள்ளே. இந்தப் பழக்கம் இல்லாத கன்றின் இலை இரண்டே நாளில் வெளிறித் தாளாகிவிடும்.

புடலையும் சுரையும் பூத்துக் குலுங்குகின்றன, காய் மட்டும் பிடிப்பதில்லையே?

முதலில் வருவது ஆண் பூக்கள். இரண்டு வாரம் அவை மட்டும் பூத்து உதிர்ந்தால் கவலைப்படத் தேவையில்லை. பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல ஒன்று தெரிந்தால் அதுதான் பெண் பூ.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. சுரையும் புடலையும் வெள்ளைப் பூக்கள், மாலையில் விரிபவை. அவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சி. நகரத்து வளவில் போதுமான அளவு வராது. ஆகவே நீங்களே பூச்சியாக வேண்டியதுதான். இருட்டுப்படும் நேரம் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பீர்க்குக்கும் இதே மாலை நேரந்தான். பாகலும் பூசணியும் காலையில் விரிபவை, தேனீ பார்த்துக்கொள்ளும். ஆனாலும் மழைக்குளிர் வாரங்களில் தேனீ வெளியே வராது, அப்போது காலை எட்டு மணிக்குள் கைகொடுக்கலாம்.

பந்தலைக் கன்று நடும் அன்றே போடுங்கள். ஜூலையில் வேருக்குள் கம்பு குத்தி வேரை அறுப்பதைவிட அது நல்லது. புடலைக்கு ஆள் நுழையும் உயரம் வேண்டும், காய் தொங்கி நேராக இறங்க இடம் இருக்க வேண்டும். உயரம் இல்லாதவர்கள் குட்டைப் புடலை இனம் தேடுங்கள். குறுகிய கோடைக்கும் அதுதான் ஏற்றது.

ஊரிலிருந்து வந்த அவரை விதை வேலியெல்லாம் படர்ந்தது. ஒரு காய் இல்லை. விதை கெட்டதா?

விதை நல்ல விதை. அது பகல் நீளத்தைக் கணக்குப் பார்க்கும் செடி. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். நம்முடைய பழைய கொடி அவரை இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே இரவும் பகலும் சமமாவது செப்டம்பர் 22 அளவில். அதன்பின் மொட்டு வைத்து, பூத்து, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் ஒக்டோபர் உறைபனி வந்து எல்லாவற்றையும் கறுக்க வைத்துவிடும். எரு போட்டாலும் தண்ணீர் ஊற்றினாலும் இதற்குத் தீர்வு இல்லை. எருப் போட்டால் இலைதான் இன்னும் அடர்ந்து வரும். சிறகவரையின் கதையும் இதுவே.

அவரைதான் வேண்டும் என்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை இனங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடி வாங்குங்கள். இல்லையென்றால் பயற்றங்காய், போஞ்சி. பயற்றங்காய் இங்கே ஜூன் முதல் வாரம் ஊன்றினால் ஆகஸ்டில் கட்டுக் கட்டாகப் பறிக்கலாம். கொடி அவரையின் இளம் இலையையும் பூவையும் பார்த்துக்கொண்டிருப்பதே போதும் என்பவர்களும் உண்டு, ஊதா நிறப் பூ அழகுதான். வேலியை மறைக்கவும் உதவும்.

வெண்டியை நேரே ஊன்றலாமா, நாற்றாக நடலாமா?

இரண்டும் செய்யலாம். நேரே என்றால் ஜூன் முதல் வாரம், இரவு ஊறவைத்த விதை, ஒரு குழிக்கு இரண்டு மூன்று. நாற்று என்றால் ஏப்ரல் கடைசியில் மக்கும் சாடியில் ஒரு விதை, ஆணிவேர் அறாமல் நட வேண்டும். சூடுதான் அதற்கு உயிர். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் இருந்தால் அந்த இடத்தை வெண்டிக்கு ஒதுக்குங்கள். காய் பிடிக்கத் தொடங்கியபின் ஒருநாள்விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், நான்கு நாள் விட்டால் விறகு.

கீரை?

தண்டுக்கீரையும் முளைக்கீரையும் கனடாக் கோடையில் ஊரைவிட நன்றாகவே வரும். விதை தூசு மாதிரி, மணலோடு கலந்து தூவி, மேலே மண் கொட்டாமல் கையால் அழுத்திவிட்டால் போதும். ஜூன் முதல் வாரம் தூவினால் அந்த மாதக் கடைசிக்கே கறிக்கு ஆகும். கொடிப் பசளி சூடு வந்தால் வேகமாக ஏறும், அதை ஏப்ரலில் வீட்டுக்குள் முளைக்க வையுங்கள். பொன்னாங்கண்ணி, வல்லாரை இரண்டையும் சாடியில் வைத்து, குளிருக்கு உள்ளே எடுங்கள்.

முருங்கையும் கறிவேப்பிலையும் வெளியே நிலத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், ஒக்டோபரில் செத்துப்போகும். இரண்டுக்கும் சாடிதான். முருங்கை விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்து, ஒரே கோடையில் ஆளுயரம் வரும், கீரைக்குத் தாராளம். காயை எதிர்பார்க்காதீர்கள். கறிவேப்பிலையை இரவு 12 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு வெளியே கொண்டுபோய், முதல் வாரம் மர நிழலில் வையுங்கள். பனிக்காலம் முழுக்க யன்னலோரம் இருந்த இலை நேர் வெயிலில் கருகிவிடும்.

எங்கள் வளவு முழுக்கக் களிமண். என்ன செய்வது?

புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, ஒரு சாண் மண்ணும் புல்லும் விரித்து வீட்டைக் கொடுக்கிறார்கள். அடியில் இருப்பது இறுகிய களி. ஈரமாக இருக்கும்போது கொத்தவே கூடாது, காய்ந்ததும் கல்லாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டிப் பாருங்கள், உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே இருந்தால் இன்னும் சில நாள். மணலைக் கொட்டாதீர்கள், களியும் மணலும் சேர்ந்து இன்னும் இறுகும். வருடா வருடம் கொம்போஸ்டும் மக்கிய மாட்டெருவும் இரண்டு மூன்று அங்குலம் பரப்புவதுதான் வழி. ரொறன்ரோ நகரசபை கொம்போஸ்ட் இலவசமாகக் கொடுப்பது வழக்கம், வாளியும் மண்வெட்டியும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் தக்காளி, கத்தரி, மிளகாயை அதற்குத் தூரமாக நடுங்கள். அதன் வேரிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் இந்தக் குடும்பத்துச் செடிகளை வாட வைக்கும்.

விதை எங்கே வாங்குவது? ஊருக்குப் போய் வருபவரிடம் சொல்லிவிடலாமா?

ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் மே மாதம் கத்தரி, மிளகாய், புடலைக் கன்றுகள் வாசலிலேயே அடுக்கியிருக்கும். விதைப் பொட்டலமும் கிடைக்கும். பொட்டலத்தில் கலப்பினம் என்று இருந்தால் அதன் விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில் பலனில்லை, தாய்ச்செடி மாதிரி வராது.

வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ கொண்டுவந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிடிபட்டால் பறிமுதல், தண்டமும் வரும். கன்று என்றால் உரிய அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் நடக்காது. சூட்கேஸில் கறிவேப்பிலைக் கன்று ஒளித்து வருவது வீரம் இல்லை, வேறு நாட்டுப் பூச்சியை இங்கே கொண்டுவந்து விடுவது.

லாச்சியில் கிடக்கும் பழைய விதையா? பத்து விதையை ஈரமான பேப்பர் டவலில் சுற்றி, பைக்குள் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். ஆறு ஏழு முளைத்தால் நம்பிப் போடலாம்.

நாங்கள் இருப்பது அப்பார்ட்மென்ட். பல்கனி மட்டுந்தான்.

மிளகாய், குட்டைத் தக்காளி, வெந்தயம், புதினா. புதினாவைத் தனிச் சாடியில் அடக்கி வையுங்கள். மிளகாய்க்கு இருபது லீற்றர் வாளி ஒன்று, அடியில் ஓட்டை போட்டு. மேல் மாடிகளில் காற்றுத்தான் பெரிய எதிரி, மண்ணை ஒரே நாளில் காய வைத்துவிடும். வடக்குப் பார்த்த பல்கனியில் காய்ப்பயிருக்கு மினக்கெட வேண்டாம், கீரையும் புதினாவும் போதும்.

முயலும் அணிலும் எதையும் விடுவதில்லை.

முயலுக்கு முழங்காலளவு கோழி வலை, அடிப்பக்கம் மண்ணுக்குள் ஒரு சாண் புதைத்து. அணில் பூசணி விதையைத் தோண்டித் தின்னும். முளைக்கும்வரை வலைத்துண்டால் மூடுங்கள். கத்தரி இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் கூட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் கொலராடோ வண்டு, கையால் நசுக்கிவிடுங்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் நரம்பு மட்டும் மிஞ்சும்.

வெள்ளைப்பூடு இப்போது நடலாமா?

அது ஒக்டோபர் வேலை. ஏப்ரலில் நட்டால் தாள் வரும், பூடு சரியாகப் பிரியாது.

ஜூன் நடுப்பகுதி ஆகிவிட்டது, இன்னும் ஒன்றும் போடவில்லை. இந்த வருடம் போனதா?

போகவில்லை. குத்துப் போஞ்சி, கீரை, கெக்கரி ஆகியவற்றை ஜூன் கடைசிவரை நேரே விதைக்கலாம், 50, 60 நாளில் பலன் வரும். வெண்டியும் பயற்றங்காயும் அந்த வாரமே போட்டால் சரி. கத்தரி, மிளகாய், தக்காளிக்குக் கன்று வாங்குங்கள்; அந்த நேரம் கடைகளில் மலிவாகவே தள்ளிவிடுவார்கள். பாகலும் புடலையும் விதையிலிருந்து தொடங்க நேரம் போதாது, பெரிய கன்று கிடைத்தால் மட்டும் பாருங்கள். ஜூலை கடைசி தொட்டு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நீள முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம், கொத்தமல்லி, ஸ்பினாச் மறுபடி போடலாம். பகல் குறுகிக்கொண்டு போவதால் அந்த மல்லி வசந்தத்து மல்லியைவிட நீண்ட நாள் நிற்கும்.